தோட்டத்துக் கல்லு வீடு: கட்டினது யாரு, யார் யார் கையில் இருந்தது

காங்கயம், தாராபுரம், ஊத்துக்குளி, பெருந்துறைப் பக்கம் இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடம்) வழியே போனால், பழைய கல்லு வீடுகள் இன்னும் தோட்டங்களில் நிற்கின்றன. எந்த வீட்டில் கேட்டாலும் "எங்க பாட்டன் கட்டுனது, நூத்தம்பது வருசம் ஆச்சு" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் பாட்டன் வாங்கியவராக இருப்பார், கட்டியவர் வேறு ஆளாக இருப்பார். அல்லது முன்கட்டு மட்டும் பாட்டன் கட்டியது, பின்கட்டு அவருக்கும் இரண்டு தலைமுறை முந்தியது. இதையெல்லாம் ஓரளவு துல்லியமாகவே கண்டுபிடிக்கலாம். அதற்குக் காகிதத்தையும் சுவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் கணக்கு தப்பிவிடும்.

காரணம் எளிது. தோட்டத்து வீட்டுக்கென்று தனிப் பத்திரம் கிடையாது. பத்திரம் பூமிக்குத்தான். வீடு சொத்து விவரத்தின் கடைசியில் ஒரு வரியாக வரும்: "மேற்படி பூமியிலுள்ள ஓட்டு வில்லை வீடு, கட்டுத்தரை, கிணறு, மரமட்டை வகையறாக்களும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்." வீட்டின் சரித்திரம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பூமிக்கு இதுவரை எழுதப்பட்ட பத்திரங்களையெல்லாம் சேர்த்து, இந்த வரியை மட்டும் தேதி வாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒன்றில் "கூரைச் சாளை" என்றிருக்கும். அடுத்ததில் "நாட்டு ஓட்டு வீடு". அதற்கடுத்து "சீமை ஓட்டு வில்லை வீடு", அதாவது ஆலையில் செய்த மங்களூர் ஓடு போட்டது. எந்த இரண்டு பத்திரங்களுக்கு நடுவில் சொல் மாறுகிறதோ, அந்த இடைவெளியில் வீடும் மாறியிருக்கிறது.

ஆனால் பத்திரம் எழுதுபவர் பெரும்பாலும் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். அதனால் கல்லு வீடு எழும்பி இருபது வருடமாகியும் காகிதத்தில் கூரைச் சாளையே நிற்கலாம். இடிந்து போன வீடு நாற்பது வருடம் பத்திரத்தில் உயிரோடு இருக்கலாம். ஆகவே சீமை ஓடு முதன்முதலாகக் குறிப்பிடப்படும் ஆண்டை "இதற்குப் பிந்தியதில்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கட்டிய ஆண்டு அல்ல.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் 'அ' பதிவேடு. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1979 முதல் 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ் ஆனது இதில்தான். அப்போது உட்பிரிவுகள் மாறின, சில கிராமங்களில் எண்ணே மாறியது. பெயர்கள் தவறாக ஏறியதும் அதிகம்: அண்ணன் பாகம் தம்பி பெயரில், செத்தவர் பெயரில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயரில் என்று. அதனால் யு.டி.ஆரில் புதுப்பெயர் ஒன்று திடீரென்று முளைத்தால் அவரை உடனே உரிமையாளர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவர் பெயருக்கு முன்னால் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று போடும்போது நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் 1980-க்கு முந்திய பதிவுகள் வராது, ஏனென்றால் அவை பழைய எண்ணில் ஏறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும், தாய் எண்ணுக்கும் எல்லா உட்பிரிவுகளுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். 1975-க்குப் பிந்தியவை பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறை வில்லங்கம் கேட்டு மனு கொடுக்க வேண்டும். கிராமம் ஒரு காலத்தில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருந்தால், பழைய புத்தகங்கள் அந்தப் பழைய அலுவலகத்திலேயே இருக்கக்கூடும். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்துகளுக்கான 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். உங்கள் சொத்தாக இருக்க வேண்டியதில்லை.

மாவட்டம் மாறிய கதையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறான ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் நாள் வீணாகும். தாராபுரம், காங்கயம் பகுதி 1979 வரை கோவை மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம் என்று தொடங்கிய ஈரோடு, 2009 முதல் திருப்பூர். கரூர்ப் பக்கம் 1910 வரை கோவை, அப்புறம் திருச்சி, 1995-இல்தான் தனி மாவட்டம். பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டப்) பதிவேடுகள் இந்த வரிசையில் எங்கே தங்கியிருக்கும் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். கடைசிப் புகலிடம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். கோயம்புத்தூர்ச் சீமை 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனி கைக்கு வந்தது. ரயத்துவாரிக் கணக்குகள் (விவசாயியிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய முறையின் கணக்குகள்) அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கும் முன்னால் ஒரு தனித் தோட்டத்தின் உரிமை வரிசையைக் காகிதத்தில் பிடிக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். இனாம் பூமியாக (வரிச்சலுகையோடு கொடுத்த மானிய நிலமாக) இருந்தால் மட்டும் 1860-களின் இனாம் விசாரணைப் பதிவேட்டில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம்.

கிராமக் கணக்குகளைப் படிக்கப் பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கு தெரிய வேண்டும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, அந்த ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. அடங்கலில், அதாவது கிராமத்தின் ஆண்டுப் பயிர்க் கணக்கில், பயிர் மட்டும் இருக்காது. கிணறு எப்போது வெட்டியது, எந்த ஆண்டு பருத்தி, எந்த ஆண்டு தரிசு என்பதும் தெரியும். தொடர்ந்து மூன்று நான்கு பசலி தரிசு என்றால் அந்தக் குடும்பத்தில் ஏதோ நடந்திருக்கிறது, பத்திரம் அந்த ஆண்டுகளில் கைமாறியிருக்க வாய்ப்புண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் கைமாறியதில் பல கிராமங்களில் பழைய அடங்கல்கள் சிதறிவிட்டன. கிடைக்காவிட்டால் கந்தாய (நிலவரி) ரசீதுகளைத் தேடுங்கள். அவை வீட்டு அட்டாலியில் (பரணில்), இரும்புப் பெட்டியில், பழைய ஜாதகக் கட்டுகளோடு கிடக்கும்.

இனி வில்லங்கத்தில் வராத கைமாற்றங்கள். உயில் வராது, அது பதிவே ஆனாலும் 3-ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். வாய்மொழிப் பாகம் வராது. அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு வராது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதியாமலே சுவாதீனம் (அனுபவம்) கொடுத்து முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்ததால், பதிவுச் செலவைத் தவிர்க்கவே 99 ரூபாய்க்கு எழுதிய பழைய கிரயச் சீட்டுகள் உண்டு. அவையும் வராது. ஆகவே வில்லங்கத்தில் 1905-இல் ஒருவர் பெயர், 1931-இல் சம்பந்தமில்லாத இன்னொருவர் விற்கிறார் என்றால் பதறத் தேவையில்லை. 1931 பத்திரத்தின் பாத்தியத்தை விவரிக்கும் பத்தியை வாங்கிப் படியுங்கள். "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு", "இன்னார் உயில்படி", "இன்ன தேதியில் கிரயம் பெற்று" என்று விற்பவருக்கு எப்படி வந்தது என்பதை அங்கே எழுதியிருப்பார்கள். வில்லங்கச் சான்றின் சுருக்கத்தில் இது இருக்காது. பத்திர நகல் போட்டுத்தான் ஆக வேண்டும், இந்தச் செலவைக் குறைக்கவே கூடாது.

போக்கியம்தான் பெரிய பொறி. கடனுக்குப் பூமியையும் வீட்டையும் சுவாதீனமாக ஒப்படைத்துவிட்டு, வட்டிக்குப் பதில் வெள்ளாமையைக் கடன் கொடுத்தவரே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. போக்கியம் வாங்கியவர் இருபது முப்பது வருடம் அந்த வீட்டிலேயே குடியிருந்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, கந்தாயமும் கட்டியிருப்பார். ஊர் நினைவில் அவர்தான் வீட்டுக்காரர். ஆனால் 1908 காலவரையறைச் சட்டப்படி மீட்கும் உரிமை 60 வருடம் இருந்தது, 1963 சட்டத்தில் அது 30 ஆனது. பழைய உரிமையாளரின் பேரன் வந்து பணத்தைக் கட்டி மீட்டிருக்கலாம். அதனால் "கிரயம்" என்ற சொல் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் உரிமையாளர் வரிசையில் எழுதாதீர்கள். குடியிருந்தவர்களுக்கு ஒரு பட்டியல், உரிமையாளர்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. நம் பக்கம் பேரனுக்குப் பாட்டன் பெயர். பழனிச்சாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் பழனிச்சாமி, அவர் மகன் மறுபடி ராமசாமி. 1898-இல் வாங்கிய ராமசாமியும் 1952-இல் பாகம் பிரித்த ராமசாமியும் ஒரே ஆள் என்று எழுதிவிட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும். ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன் பெயர், ஊர், வயது இருந்தால் வயது, கையெழுத்தா கைநாட்டா என்பது வரை குறித்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைத்தவர் இருபது வருடம் கழித்துத் தெளிவாகக் கையெழுத்துப் போட்டால் அது வேறு ஆள் என்று சந்தேகிக்கலாம்.

பத்திரங்கள் எப்போதும் சீராக வருவதில்லை, சில ஆண்டுகளில் குவியும். 1876-78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி விற்பனைகள். 1938 விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகு தீர்ந்துபோன அடமானங்கள். நில உச்சவரம்பு 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்து, 1970-இல் 15 ஆகக் குறைந்தபோது பாகப்பிரிவினைகளும் செட்டில்மெண்ட் பத்திரங்களும் வரிசையாக வரும். இவற்றில் சில காகிதத்தில் மட்டும் நடந்தவை, வீடு பிரியவே இல்லை. 1989 மார்ச்சில் தமிழ்நாட்டுத் திருத்தம் பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்ததற்கும், 2005 மத்தியத் திருத்தத்துக்கும் பிறகு சகோதரிகள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் வரும். அந்த வீட்டில் பிறந்த பெண்களின் பெயர்கள் ஆவணத்தில் முதன்முறையாக முழுதாகத் தெரிவது பல குடும்பங்களில் இந்த விடுதலைப் பத்திரங்களில்தான். உரிமையாளர் வரிசை எழுதும்போது அவர்களை விட்டுவிடுவது பெரிய அநியாயம். பங்கு இருந்தது, விட்டுக்கொடுத்தார்கள் என்றே எழுத வேண்டும்.

தேதி கிழிந்துபோன பத்திரத்துக்கும் வழியுண்டு. முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி என்றால் 1901-க்கு முன் அச்சானது. ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. பழைய தாள் கொஞ்ச காலம் புழங்கியிருக்கும் என்பதால் இரண்டொரு வருடம் தள்ளிக்கொள்ளுங்கள். தாளின் பின்புறம் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய தேதி பல சமயம் தப்பியிருக்கும். தொகை ரூபாய், அணா, பை கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) "தென்புறம் கீழ்பவானி கொப்பு வாய்க்கால்" என்று வந்தால் 1950-களுக்கு முன் போக முடியாது. பவானிசாகர் அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. வாய்க்காலுக்கு ஆர்ஜிதமான சென்ட்டுகள் விஸ்தீரணத்தில் குறைந்திருக்கும். அந்தக் குறைவைக் கண்டு "யாரோ தட்டிக்கொண்டார்கள்" என்று பங்காளிகளைச் சந்தேகப்படுவது பல ஊர்களில் நடக்கிறது. கிணற்றில் "மோட்டார்" என்று வந்தால் பைக்காரா மின்சாரம் வந்த 1930-களுக்குப் பின்.

இப்போது சுவருக்கு வருவோம். முதலில் வாசலில் நின்று நிலவின் (கதவு நிலையின்) மேல் செதுக்கிய ஆண்டைப் படிக்க வேண்டாம். நிலவும் கதவும் பாகம் பிரியும்போது எடுத்துப்போகும் பொருள்கள். அந்த ஆண்டு நிலவின் வயது, சுவரின் வயது அல்ல. நிலவுக்கால் பக்கத்துக் கற்கள் உடைத்துத் திருத்தியது போல் சின்னச் சின்னத் துண்டுகளாகவும், காரை வேறு நிறத்திலும் இருந்தால் அது பின்னால் செருகியது. கிணற்று மேட்டுக் கல்லில் இருக்கும் எழுத்து இதைவிட நம்பகமானது. வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுற்றை நினைவில் வையுங்கள்: "தாது வருஷம் தை மாசம்" 1877 ஜனவரியாகவும் இருக்கலாம், 1937 ஜனவரியாகவும் இருக்கலாம். தமிழ் எண்ணில் ௲௮௱௭௰௬ என்றிருந்தால் 1876. கலி ஆண்டு என்றால் 3101 கழியுங்கள், ஒரு வருடம் முன்பின் வரும்.

உண்மையான சாட்சி கல்கட்டு. வீட்டைச் சுற்றி வந்து, சுவரில் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் ஒரு கோட்டைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் கட்டிய சுவரில் வரிக்கு வரி கல் மாறி மாறிக் கோத்திருக்கும். பிறகு ஒட்டிக் கட்டியதில் பழைய மூலைக்கல் அப்படியே நிற்க, புதுச் சுவர் அதை முட்டி நிற்கும். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் பெரிய, நன்றாகச் சதுரித்த மூலைக்கற்கள் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் மூத்தது. ஏனென்றால் அது ஒரு காலத்தில் வீட்டின் வெளி மூலை. வெளியே சிமெண்ட் பூசி மூடியிருந்தால் அட்டாலிக்குள் ஏறுங்கள், அங்கே யாரும் பூசியிருக்க மாட்டார்கள். டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடித்தால் கோடு நிழலாகத் தெரியும்.

கல்லில் உளித்தடம் பாருங்கள். ஆப்படித்துக் கையால் பிளந்த கல்லின் ஓரத்தில் குட்டையான சதுரக் குழிகள் வரிசையாக இருக்கும். கம்ப்ரஸர் வைத்துத் துளைத்த கல்லில் நீளமான அரைவட்டக் கோடுகள் இருக்கும், அது சமீப காலம். நெருப்புப் போட்டு எடுத்த பாளங்களின் அகலப் பக்கத்தில் உளித்தடமே இருக்காது.

காரையில் ஒரு துண்டு, நெல்லிக்காய் அளவு போதும், சுவரின் உள்ளிருந்து எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கரைந்து சேறானால் மண். கரையாமல், ஆணியால் கீறினால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறவே முடியாவிட்டால் சிமெண்ட். மதுக்கரை ஆலை 1930-களில் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் சிமெண்ட் எளிதாகக் கிடைத்தது. மேல் பூச்சை மட்டும் எடுத்துச் சோதித்து "வீடே சிமெண்ட் வீடு" என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. மண் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பின்னால் வந்தது, அதுதான் அந்தச் சுவரைக் கெடுப்பதும்கூட. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி மண் கரைந்து, இரு முகங்களையும் பிடித்திருக்கும் நீளக் கற்கள் குறைவாக உள்ள இடத்தில் சுவர் வயிறு தள்ளும்.

சீமை ஓட்டில் முத்திரையைப் பார்த்துவிட்டு எல்லோரும் குதிப்பார்கள். "1865" என்று அச்சு இருக்கும். அது மங்களூர் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு, அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல. வேறு கம்பெனி ஓடுகளிலும் இப்படித் தொடங்கிய ஆண்டே இருக்கும். பாசல் மிஷன் பெயர் இருந்தால் முதல் உலகப் போர் வரையிலான ஓடு, அதற்குப் பின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போய்விட்டன, முத்திரையும் மாறிவிட்டது. ஒவ்வொரு சரிவிலும் இருபது முப்பது ஓடுகளைப் புரட்டி எந்த முத்திரை அதிகம் என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு பழைய ஓடு ரிப்பேருக்கு எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். அப்போதும் தெரிவது கூரையின் வயதுதான். கைமரத்தின் (கூரையின் சரிவு மரத்தின்) மேல்பக்கத்தில் நெருக்கமாகப் பழைய ஆணித்துளைகளும், இப்போதைய ரீப்பர்கள் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) 12½ அங்குல வாக்கிலும் இருந்தால், நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போட்டிருக்கிறார்கள், சுவர் அதைவிட மூத்தது. இரும்பு உத்தரத்தில் டாட்டா என்று உருட்டிய எழுத்து இருந்தால் 1912-க்கு முன் அது வந்திருக்க முடியாது.

பாகம் பிரிந்ததைச் சுவர் ஒளிக்காது. ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தின்) நடுவே மெல்லிய செங்கல் சுவர், அதன் இருபுறமும் ஒவ்வொரு அடுப்படி, திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு. பாகப் பத்திரத்தில் "வடபுறப் பாதி வீடு, கிழமேல் 22 அடி, தென்வடல் 31 அடி" என்பது போல அளவு இருக்கும். டேப் வைத்து, சுவர் கனம் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் அளந்து பாருங்கள். கல்சுவர் ஒன்றரை முதல் இரண்டடி கனம் என்பதால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து மூன்று நான்கு அடி வித்தியாசம் வரும். எந்த அளவு ஒத்துவருகிறதோ அதை வைத்து அப்போது வீடு எதுவரை இருந்தது என்று தெரிந்துவிடும். பத்திர அளவுக்கு வெளியே நிற்கும் பகுதி அந்தப் பத்திரத்துக்குப் பின் கட்டியது.

இவ்வளவையும் படிக்க ஏற்ற நாள் ஓடு இறக்கும் நாள். சுவரின் தலைப்பு திறந்து கிடக்கும், உள்கூடு மண்ணா சுண்ணாம்பா என்பது கண்ணுக்கே தெரியும், கைமரங்களில் பழைய வீட்டின் காடிகள் (மரம் பொருத்த வெட்டிய பள்ளங்கள்) தெரியும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு கைமரத்துக்கும் சாக்பீஸில் எண் போட்டு, டேப் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். ஆசாரியிடமும் சொல்லிவிடுங்கள்: பழைய காடியும் ஆணித்துளையும் உள்ள பக்கத்தை இழைக்க வேண்டாம், இழைத்தே ஆக வேண்டுமென்றால் படம் எடுத்த பிறகு.